அஞ்சலோட்டக்காரனும் ஆகாய விமானமும்

1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அலகாபாத்திலிருந்து 6,500 கடிதங்களுடன் யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். விமானத் தபால் என்னும் அந்த அற்புதம் நம் தென்கோடிக்கு வந்து சேர இருபத்துநான்கு வருஷங்கள் பிடித்தன.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு ஆங்கிலேயர் தபாலினின்று வேறாகத் தனக்கே உரிய தபால் இலாகா ஒன்று இருந்தது. அதற்கு அஞ்சல் என்று பெயர். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவில் செல்லும் ராஜபாட்டையில், மணி கட்டிய கோலைக் குலுக்கிக்கொண்டு பை சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரன்தான், பாட்டைக்கு அருகிலுள்ள செங்கல் முதலான கிராமங்களின் முன்னோருக்கு உலக சமாசாரம் அனைத்தையும் கொண்டுவந்த தூதன். இன்று தமிழ்நாட்டுத் தபால் நிலையங்களின் பலகைகளில் காணும் அச்சொல் எல்லைப்புறத்துத் தமிழராகிய நமக்குப் புதிதன்று.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டிவந்தார்; அந்தத் தபாலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி மார்க்கமாகச் சென்னைக்குக் கொண்டுசென்ற நெவில் வின்சென்ட் என்பவரே, 1935 அக்டோபர் 29-ஆம் தேதி திருவனந்தபுரத்துச் சங்குமுகக் கடற்கரையை அடுத்த மைதானத்தில் வந்து இறங்கினார். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்டத்திருநாளுக்கு, அதாவது ஜன்ம தினத்துக்கு, வைசிராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய வாழ்த்துக் கடிதம் அவரிடம் இருந்தது. டாட்டா கம்பெனி அதிகாரியான ஜாம்ஷெட் நவ்ரோஜியும், பம்பாயில் சமஸ்தானத்தின் வர்த்தகப் பிரதிநிதியாயிருந்த காஞ்சி துவாரகாதாஸும் உடன் வந்தனர்.

அவ்விமானத்தின் அமைப்பு விசித்திரமானது. ஃபாக்ஸ் மாத் எனப்படும் அந்த இரட்டைச் சிறகு விமானம் பெரும்பாலும் மரத்தாலானது; எஞ்சினோ ஒன்றே ஒன்று. பிரயாணிகள் முன்புறத்திலுள்ள மூடிய சிற்றறையில், பல்லக்கில் அமர்ந்ததுபோல் சொகுசாக இருக்க, ஓட்டுபவர் மட்டும் அவர்களுக்குப் பின்னால் உயரத்தில், திறந்த குழியில் உட்கார்ந்து, காற்றும் மழையும் முகத்தில் அறைய ஓட்டவேண்டும். ஐப்பசி மாதத்து மலையாளக் கரையின் மேகங்களை அறிந்தவர்களுக்கு வின்சென்ட்டின் துணிச்சலை விவரிக்கத் தேவையில்லை. நவம்பர் 1-ஆம் தேதி, அஞ்சல் இலாகாவின் கடிதங்களைச் சுமந்துகொண்டு முதல் விமானம் பம்பாயை நோக்கிப் புறப்பட்டது.

இம்முயற்சிக்கு முன்னின்றவர், மகாராஜாவின் சகோதரியை 1934-இல் மணந்த பூஞ்ஞாறு கோதவர்ம ராஜா. விளையாட்டிலும் விமானத்திலும் தீராத மோகம் கொண்டிருந்த அவரை, 1971-இல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தே கொண்டுபோயிற்று. அஞ்சல் இலாகா அதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே, 1951-இல், இந்தியத் தபாலோடு கலந்துவிட்டது.

அந்த மைதானம் 1991-இல் சர்வதேச விமான நிலையமாயிற்று. ஆயினும் பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி ஆராட்டுக்காகச் சங்குமுகத்துக்கு எழுந்தருளும் தொன்மையான பாதை ஓடுபாதையின் குறுக்கே செல்கிறபடியால், வருஷத்தில் அவ்விரு மாலைகளிலும் விமானப் போக்குவரத்து சில மணி நேரம் நிறுத்தப்படுகிறது. சுவாமி நீராடித் தீவட்டி வெளிச்சத்தில் அதே வழியாகத் திரும்பிய பிறகே விமானங்கள் மறுபடி எழும்புகின்றன.