வந்தான் வரத்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன தவணையில் தரம் எட்டில் நடந்த ஒரு சின்ன விசயத்தில் இருந்து தொடங்குகிறோம். இடைவேளையில் கிரிக்கெட் மட்டைக்கு இரண்டு பிள்ளைகள் சண்டை. ஒருவன் கிண்ணியாவில் பிறந்து வளர்ந்தவன். மற்றவனின் குடும்பம் வாப்பாவின் தொழிலுக்காக இரண்டு வருசத்துக்கு முன்னர் இங்கே வாடகை வீடு எடுத்து வந்தது. "போடா, நீ வந்தான் வரத்தான்" என்று முதலாமவன் சொல்லிவிட்டான். மட்டையை விட்டுவிட்டு மற்றவன் போய் வாங்கில் இருந்தவன்தான், மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

விசாரிக்கும்போது சொன்னவன் எங்களிடமே திருப்பிக் கேட்டான்: "டீச்சர், அப்ப எங்கட சேரும் வந்தான் வரத்தான்தானே?"

சிரிப்பு வந்தது, ஆனால் கேள்வி சரி. எங்களில் ஒருவர் இந்த மண். மற்றவர் அநுராதபுர மாவட்டத்தில் ஒரு குளக்கட்டுக் கிராமம். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் அறிமுகம், பிறகு பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். கிழக்கு வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு வந்து இறங்க வேண்டியதுதான். நெல்லும் குளமும் தெரிந்த மனிசனுக்குக் கடல் தெரியாது. பாரை, சூரை, கீரி, சாளை என்று சந்தையில் கூப்பிடுவார்கள். இவருக்கு எல்லாம் மீன். கச்சான் காற்று எப்போது எழும்பும், வாடை எப்போது விழும் என்பதை மாமாதான் முற்றத்தில் இருந்து பழக்கினார். பத்து வருசம் கடந்தும் தெருவில் அவருக்குப் பெயர் கிடையாது, "இன்னாருடைய மருமகன்"தான். இந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஊரில் கல்யாணம் முடித்த ஆம்பிளைகளில் எத்தனை பேர் வந்தான் வரத்தான் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிள்ளையின் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்ல வேண்டி இருந்தது. அதற்காகத் தேடியதில் கொஞ்சத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்தக் கரைக்கு வந்தவர்களில் உலகத்துக்கே தெரிந்தவன் ரொபர்ட் நொக்ஸ். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் அவர்களுடைய 'ஆன்' என்ற கப்பலின் பாய்மரம் போனது. புது மரம் தறித்துப் போடத்தான் கொட்டியாருக்கு வந்தார்கள். கப்பித்தான் தகப்பன், அவர் பெயரும் ரொபர்ட் நொக்ஸ். மகனுக்கு வயது பத்தொன்பதுக்குக் கிட்ட. முதலில் கரையில் இருந்த சனம் நன்றாகத்தான் நடத்தியது. கொடுக்கல் வாங்கல் நடந்தது, பயம் தெளிந்து இறங்கித் திரிந்தார்கள். 1660 ஏப்ரலில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவர்களைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு போனார்கள். மூதூர்ப் பக்கத்தில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று சொல்லும் புளியமரத்தின் கீழே பிடித்ததாகக் கல் நட்டு வைத்திருந்தார்கள். மரம் 1964 சூறாவளியோடு போய்விட்டது.

பிடிபட்ட கதையை நாங்கள் எல்லாரும் பாடசாலையில் படித்தோம். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் படிப்பிக்கவில்லை. கைதிகளைக் கிராமம் கிராமமாகப் பிரித்து விட்டார்கள். ஊரவர்கள் முறை வைத்துச் சோறு கொடுக்க வேண்டும், அது அரச கட்டளை. தகப்பனும் மகனும் பண்டார கொஸ்வத்தையில் காய்ச்சலில் விழுந்தார்கள். 1661 பெப்ரவரியில் தகப்பன் மௌத்தானார். மகனும் எழும்ப முடியாத நிலை. கூட இருந்த வேலைக்காரப் பையனை அனுப்பி, அடக்க உதவி கேட்டான். வந்தவர்கள் மாடு கட்டும் பெரிய கயிறு ஒன்றைக் கொண்டு வந்தார்கள், கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போட. அது மனசு கேட்காமல், கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்துத் தூக்கிக் கொண்டு போய் அடக்கினான். இதை அவனே 1681 இல் லண்டனில் அச்சான தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

அந்தக் கிராமத்தாரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. மாதக்கணக்கில் சோறு போட்டவர்கள் அவர்கள். ஆனால் கட்டளைக்குச் சோறு போடலாம், கட்டளைக்கு மையித்தைத் தூக்க முடியாது. பிறகு நொக்ஸ் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், அவர்களுடைய பாசையைப் படித்தான், காணி வாங்கி வீடு கட்டினான். 1679 இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போகும் வரைக்கும் பத்தொன்பது வருசம். அவ்வளவு இருந்தும் கடைசி மட்டும் அவன் வெளியாள்தான். அவனும் அப்படித்தான் இருக்க விரும்பினான்.

நம் சமூகத்தின் கதையும் இதே நூற்றாண்டில் வருகிறது. 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் பிரதேசத்தில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னர் செனரத் சுமார் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியிருத்தினார். அதற்கு முதலே கிழக்குக் கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பது வேறு. ஆனால் ஒரு பங்கினர் துரத்தப்பட்டு வந்தவர்கள், இன்னொருவர் இடம் கொடுத்ததால் இருந்தவர்கள். "நாங்கள் இந்த மண்ணின் பூர்வீகம்" என்று மேடையில் முழங்கும்போது இந்த வரியை யாரும் சொல்வதில்லை.

துறைமுகத்தைப் பற்றிச் சொல்லப் போனால் விடிந்துவிடும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், 1672 இல் கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர், 1782 இல் ஒரே வருசத்துக்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், 1795 இல் திரும்பவும் ஆங்கிலேயர். ஒவ்வொரு கொடியோடும் ஆட்கள் வந்தார்கள். பட்டாளத்தோடு மலாய்க்காரர், டொக்யார்ட் வேலைக்கு நாலா திசையில் இருந்தும் கூலியாட்கள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஓடி ஒளிந்தவர்களில் எத்தனை ஊர்க்காரர் இருந்திருப்பார்கள்! 1957 இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். வேலைக்கு வந்தவர்களில் பலர் போகவில்லை. சீனக்குடாவில் நிற்கிற 99 எண்ணெய்த் தாங்கிகளைப் போல அவர்களும் இந்த நிலத்தில் ஒரு பகுதி ஆகிவிட்டார்கள்.

ஆனால் கடற்கரையில் கலந்து வாழ்வது எப்படி என்பதற்கு நல்ல பாடம் கோட்டைக்குள் இல்லை, வாடிக்குள் இருக்கிறது. மேற்குக் கரையில் தென்மேல் பருவக்காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நம் பக்கம் கடல் அமைதி. ஆகவே நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சித்திரை மட்டில் வள்ளமும் வலையும் குடும்பமுமாக வருவார்கள். கரையில் வாடி போட்டுத் தொழில் செய்து, வாடைக்கு முன்னர் திரும்பிப் போவார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த போக்குவரத்து. நீர்கொழும்புக் கரையில் அவர்களில் பலருக்குத் தமிழும் ஓடும் என்பதால் பேச்சுக்குக் கஷ்டமில்லை. வந்த பருவத்தோடு தங்கி, இங்கே பெண்ணெடுத்து ஊராகிப் போனவர்களும் உண்டு.

இதைச் சினிமா மாதிரி எல்லாரும் கட்டிப்பிடித்து வாழ்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கரைவலைக்குப் பாடு உண்டு, பாட்டுக்கு உரிமை உண்டு, முறை உண்டு. யாருடைய பாட்டில் யார் வலை வளைப்பது என்பதைச் சம்மாட்டிமார் பேசித்தான் தீர்த்தார்கள். வந்தவன் முறை கேட்டான், இருந்தவன் இடம் கொடுத்தான். அதுதான் ஏற்பாடு. யுத்தம் அந்தப் போக்குவரத்தை அறுத்தது. கடலுக்குப் போகவே பாஸ் எடுக்க வேண்டிய காலம் வந்தது. 2009 க்குப் பிறகு திரும்பி வந்தவர்களும் இங்கே இருந்தவர்களும் பழைய முறையை மறந்து போயிருந்தார்கள். வாடி போடும் இடம், வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது, சுருக்குவலை என்று இன்றைக்கு வரைக்கும் நடக்கிற தகராறெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இதில் ஊரவர்களின் கோபத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். முறை கேட்காமல் வருகிறவன் வேறு, வாடகை வீட்டுக்கு வருகிற குடும்பம் வேறு.

புத்தளத்தையும் பாருங்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம் மட்டும் கொடுத்தார்கள். மன்னாரில் இருந்து வள்ளத்தில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அன்றைக்குப் புத்தளத்தார் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்தார்கள், சமைத்துப் போட்டார்கள். அதே ஊரில் சில வருசத்தில் பேச்சு மாறியது. கூலி குறைந்தது, காணி விலை ஏறியது, வகுப்பறையில் இடமில்லை, வாக்காளர் இடாப்பில் யார் பெயர் எங்கே என்ற சண்டை. ஊரவர்களின் முறைப்பாட்டிலும் உண்மை இருந்தது. ஆனால் அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் 'அகதி' என்ற பெயர் ஒட்டிக் கொண்டதே, அதற்கு எந்தக் கணக்கில் நியாயம் சொல்வது? அந்தப் பிள்ளை வள்ளத்தில் ஏறியது கூட இல்லை.

நாமும் இரண்டு பக்கமும் இருந்தவர்கள்தான். 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு நடந்த நடையை இங்கே வாசிக்கிற பலருடைய கால் மறந்திருக்காது. யாரோ கதவைத் திறந்தார்கள், யாரோ கிணற்றைக் காட்டினார்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும் வரைக்கும் நாம் 'பாதை'க்குக் காத்து நின்றவர்கள்; ரவுணுக்குப் போய்ப் பின்னேரம் சுணங்கினால், அக்கரையில் தெரிந்தவர் வீட்டில்தான் படுக்கை.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் மட்டைச் சண்டை மட்டுமில்லை. நம் பகுதியில் ஜனாஸா நலன்புரிச் சங்கமொன்றில் வருகிற கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வைத்திருக்கிறார்கள்: ஐந்து வருசம் தொடர்ந்து குடியிருந்தவர்களைத்தான் உறுப்பினராகச் சேர்ப்பது. காரணம் இல்லாமல் இல்லை. சந்தாவைக் கட்டாமல் மௌத்து வீட்டில் மட்டும் உரிமை கேட்டவர்கள் இருக்கிறார்கள், நிர்வாகம் கடன்பட்டது உண்மை. முதல் நாளில் இருந்து சந்தா எடுங்கள், பிந்தினால் தண்டம் போடுங்கள், நாங்கள் கையை உயர்த்துகிறோம். ஆனால் ஐந்து வருசம் என்பதற்கு எங்கள் வாக்கு இல்லை. அதை அந்த மகாலின் பின்வரிசையில் இருந்து முணுமுணுக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ஏனென்றால் இரண்டு கிழமைக்கு முன்னர், அந்த வாங்கில் இருந்த பிள்ளையின் உம்மும்மா மௌத்தானார். சொந்தக்காரர் எல்லாம் தூரத்து ஊர்கள், வந்து சேர இரவாகும். சங்கத்தில் பெயர் இல்லை. வாப்பா வாசலில் நின்று யாருக்கு ஃபோன் எடுப்பதென்று தெரியாமல் நின்றார். மக்ரிபுக்கு முன்னர் தெருவில் இருந்த நாலு பேர் போய் மையவாடியில் கபுறு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நாங்கள் போகும்போது மண்வெட்டியோடு ஒரு சின்ன உருவம் ஓடி வந்தது. பார்த்தால் நம்முடைய "போடா" சொன்னவன். "வீட்டில இருந்து எடுத்து வந்தன் சேர், அவங்கள்ட மண்வெட்டி இல்லயாம்" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் மட்டைக்குத் திரும்பவும் சண்டை பிடித்தார்கள். இந்தமுறை யார் முதலில் பெட் பண்ணுவது என்பதில்.

கூட்டம் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு. இயன்றவர்கள் வாருங்கள்.