காட்டுச் சலனப்படங்களும் வரலாற்றுச் சான்றும்

வன்னி நாட்டின் வரலாறும் யானையின் வரலாறும் பிரிக்கவொண்ணாதன. போர்த்துக்கேயர்க்கும் பின்னர் ஒல்லாந்தர்க்கும் வன்னியர் யானைகளையே திறையாகச் செலுத்தினர். இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலும் வாழ்ந்த முஸ்லிம் பணிக்கர்கள் காட்டியானையைத் தோற்கயிற்றினாற் பிணிக்கும் திறத்தை, எமேர்சன் தெனன்ற் 1859இல் வெளிவந்த தமது நூலில் வியந்து எழுதினார். அவர் தீட்டியது சொல்லோவியம். அதன்பின் எழுபதாண்டு கழியுமுன்னரே, யானை பிடிக்குங் காட்சி சலனப்படமாயிற்று. அத்தகைய படங்களை வரலாற்று மாணவன் எத்துணை நம்பலாம்?

அமெரிக்கரான மெரியன் கூப்பரும் ஏணெஸ்ற் சோட்சாக்கும் வட சீயத்து நான் பகுதிக் காட்டிற் படமாக்கிய 'சாங்' 1927இல் வெளிவந்தது. சாங் என்பது சீயமொழியில் யானையைக் குறிக்கும். நடித்தோர் தொழில்முறை நடிகரல்லர், அவ்விடத்து மக்களே. குழியில் அகப்பட்ட கன்றைத் தேடித் தாய்யானை வருவதும், யானைக்கூட்டம் ஊரை அழிப்பதும், ஊரவர் அக்கூட்டத்தை மரவேலியுள் அடைப்பதும் அதன் கதை. கதை புனைவு, ஆயின் விலங்குகள் மெய்யானவை, அவற்றுட் சிலவற்றின் சாவும் மெய்யே.

அடுத்து, 1937இல் வெளிவந்த 'எலிபன்ற் போய்'. கிப்ளிங்கின் கதையைத் தழுவிய இதன் பொருட்டு றொபேட் பிளாகேர்ட்டி மைசூர்க் காடுகளுக்குச் சென்றார். பாகன் மகனாகிய சாபு என்னுஞ் சிறுவனே கதைத்தலைவன். காட்டிற் பிடித்த காட்சிகளோடு, இங்கிலாந்தின் டென்ஹாம் படப்பிடிப்பகத்திற் சொல்ற்றான் கோர்டா எடுத்த காட்சிகளும் இணைக்கப்பட்டன.

இப்புனைவுக்குக் காரணம் வணிகநோக்கு மட்டுமன்று. அக்காலப் படச்சுருள் ஒளியுணர்வு குன்றியது. அடர்நிழலில் உருவம் தெளிவாகப் பதியாது. கருவியோ முக்காலிமேல் நிறுத்தவேண்டிய பாரமுடையது. எனவே கருவி விலங்கைத் தொடர்தல் அரிதாக, விலங்கே கருவிமுன் கொணரப்பட்டது. அவ்வாறு கொணர்ந்தோர் தடமறிந்த வேடரும் பாகருமே. சாபு உலகப்புகழ் பெற்றான். ஏனையோர் பெரும்பாலும் பெயரின்றி மறைந்தனர்.

ஆகவே இப்படங்களின் கதையை விலக்கி, கதைக்குப் பின்னே நிற்பதை நோக்குதல் வேண்டும். வேலி நடும் முறை, பழகிய யானையைக் கொண்டு காட்டியானையை அடக்கும் முறை, கால்மேல் எழுப்பிய வீட்டின் அமைப்பு என்பன, இயக்குநர் கருதாமலே எஞ்சிய சான்றுகளாம். தெனன்றின் நூலையும் இவ்வாறே சலித்து நோக்குதல் தகும்.

இது பழங்கதை ஆராய்ச்சி மாத்திரமன்று. யானையை ஊரழிக்கும் பகையாகக் காட்டிய கண் இன்னும் நம்மை விட்டகலவில்லை. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இலங்கையில் ஆண்டொன்றுக்கு 400க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானையால் உயிரிழந்த மாந்தரும் ஆண்டுக்கு 100க்கு மேற்பட்டோர். வன்னி உழவன் இரவெல்லாம் பரணிற் கண்விழித்துப் பெற்ற அறிவு, கதையாக்கப்படாத சான்றாகும். அம்முதியோர் வாய்மொழியை அவர் பெயருடன் எழுதிவைத்தல், வரலாறு பயிலும் மாணவர்தம் கடனாம்.