கட்டியக்காரரும் சந்திரபாபுவும்



தெருக்கூத்தில் ராஜாவையே “நீ யாரப்பா?” என்று கேட்கும் உரிமை கட்டியக்காரனுக்கு உண்டு. பகலெல்லாம் குழித்தறியில் கால் மரத்துப்போன சனத்தை விடிய விடியச் சிரிக்கவைப்பது அவன் பாடு. சினிமா வந்தபின் அது லேசாக இல்லை.

1960களில் நான் பள்ளிக்கூடப் பையன். ஆரணிக் கொட்டகையில் சந்திரபாபுவைப் பார்த்துவந்த எங்களுக்கு, சேவூர்க் கூத்தில் ஒருவர் அவரைப் போலவே ஆடிக்காட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. “போதும், உள்ளே போய்யா” என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். வசனத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்தபடி நின்றார்.

அசல் சந்திரபாபுவுக்கும் அது நடந்தது. 1966-ல் அவரே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ ஓடவில்லை. 1974-ல் வறுமையில் இறந்தார்.

நம்மூர்க்காரர் அதன்பின் அரிதாரம் பூசவில்லை, தறியிலேயே இருந்துவிட்டார். பக்கத்துத் தெருதான். நான் போய்ப் பேசியதில்லை.