வெற்றிடம்

இலங்கையின் கற்பிட்டிப் பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் காலமானாலோ விலகினாலோ, எங்கள் மாம்புரியில் அந்தச் செய்திக்குக் கிடைக்கும் பெயர் வெற்றிடம். அரச கடிதத்திலும் வர்த்தமானியிலும் அதே சொல்தான். தமிழ்நாட்டில் இதைக் காலியிடம் என்பார்கள். அங்கே வெற்றிடம் பெரும்பாலும் பௌதிகப் பாடத்துச் சொல், காற்றும் இல்லாத இடம்.

காலி அரபுச் சொல். உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. நமக்கோ காலி என்றதும் தென்கரையில் கோட்டையுள்ள நகரம்தான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழ், அரச வழக்கிலும் பழைய தமிழ் வேரைப் பிடித்துக்கொண்டது. அதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

வெற்றிடத்தை வெற்றி + இடம் என்று பிரிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படியானால் இடையில் யகரம் வந்து வெற்றியிடம் என்றாகும். இது வெறுமை + இடம். மை கெட்டு, றகரம் இரட்டித்து, வெற்றிடம். வெற்றிலையையும் இப்படித்தான் பிரித்துக் காட்டுவார்கள். வெறுங்கை, வெறுங்கால், வெறுவயிறு எல்லாம் ஒரே குடும்பம். வெறுங்கால் என்றால் கால் இல்லை என்று பொருளல்ல. காலில் இருக்க வேண்டியது இல்லை என்று பொருள். வெற்றிடமும் அப்படியே. இடம் இருக்கிறது, இருக்க வேண்டிய ஆள் இல்லை.

அந்த ஆளைத் தருவது யார்? இங்கேதான் இன்னொரு சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. வெற்றிடத்தை நிரப்பும் தேர்தலுக்கு இடைத்தேர்தல் என்று பெயர். அதில் உள்ள இடை, இரண்டு பொதுத் தேர்தல்களுக்கு நடுவே என்பதைக் குறிப்பது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் இதற்குத் தற்செயல் தேர்தல் என்றும் பெயர். 2022 ஜூலையில் அங்கே நடந்த உள்ளாட்சி வாக்கெடுப்பு அந்தப் பெயரில்தான் அறிவிக்கப்பட்டது. தன் + செயல்: யாரும் திட்டமிடாமல் தானாக நேர்ந்தது. மரணம் தற்செயல், அதனால் வந்த தேர்தலும் தற்செயல். அழகான பெயர், ஆனால் நம் கரையில் அதற்கு வேலையில்லை.

இலங்கையில் இடைத்தேர்தல் என்ற சொல் முதியவர்களின் நினைவில்தான் வாழ்கிறது. 1983 மே 18 அன்று 18 பாராளுமன்றத் தொகுதிகளுக்கு ஒரே நாளில் இடைத்தேர்தல் நடந்தது. விகிதாசார முறை வேரூன்றியபின் அந்த வழக்கமே போய்விட்டது. உள்ளூராட்சியிலும் அப்படித்தான். வெற்றிடம் வந்தால் கட்சியின் செயலாளர் ஒரு பெயரைக் கொடுப்பார். சுயேச்சைக் குழுவானால் குழுத் தலைவர் கொடுப்பார். பெயர் வர்த்தமானியில் வெளியாகும். ஊர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளும். இதில் தேர்தல் எங்கே? தேர்தல் என்றால் ஆராய்ந்து எடுத்தல். இங்கே நடப்பது நியமனம்.

கட்சிப் பட்டியலுக்கு வாக்களித்த காலத்தில் இதில் ஒரு நியாயம் இருந்தது. ஆசனம் கட்சிக்கு விழுந்தது, கட்சி நிரப்பியது. ஆனால் 2018 பெப்ரவரி 10 அன்று உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாகக் கலப்பு முறையில் வாக்களித்தோம். உறுப்பினர்களில் 60 சதவீதம் பேர் வட்டாரத்திலிருந்து, 40 சதவீதம் பேர் பட்டியலிலிருந்து. வட்டாரம் என்ற பழைய சொல் திரும்பி வந்தது. வீதி விளக்குக்கும் மணல் பாதைக்கும் இன்னாரைக் கேட்கலாம் என்று ஒரு முகமும் வந்தது. அந்த முகம் மறைந்ததும், நிரப்பும் உரிமை மறுபடி செயலாளரின் மேசைக்குப் போய்விடுகிறது.

ஒவ்வொரு மரணத்துக்கும் வாக்குப்பெட்டி வைத்தால் செலவு என்பார்கள். அது சரியான கவலைதான். இங்கிலாந்தின் பரிஷ் சபைகளில் வெற்றிடம் அறிவித்த 14 வேலை நாட்களுக்குள் 10 தேருநர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல் நடக்கும். அப்படிக் கேட்காவிட்டால் சபையே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். பத்துக் கையெழுத்து மாம்புரிக்குப் பெரிய காரியமல்ல. பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ தொழுகையும் பூசையும் முடிந்து வருகிறவர்களிடம் ஒரே காலையில் வாங்கிவிடலாம். அதைக் கேட்கும் உரிமையாவது நம் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.