ஏழு நிறச் சதுரம்

கேம்பிரிட்ஜில் உள்ள கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியின் உணவுக்கூடத்தில் 1989இல் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் பொருத்தினார்கள். அதில் புனிதர் உருவம் எதுவும் கிடையாது. ஏழு வரிசை, ஏழு பத்தி, ஏழு நிறம். ஒரு வரிசையிலோ பத்தியிலோ எந்த நிறமும் இரண்டாம் முறை வராது. அங்கே படித்து, பிற்காலத்தில் அந்தக் கல்லூரியின் பிரசிடெண்டாகவும் இருந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரின் நினைவாக, அவருடைய மாணவர் எட்வர்ட்ஸ் வடிவமைத்தது.

அந்தச் சதுரம் கண்ணாடிக்கு வந்தது வயலிலிருந்து. ஃபிஷர் 1919இல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். ஒரே வயலில்கூட ஒரு மூலை செழிப்பு, மறுமூலை வறட்சி. மலேசியாவின் காப்பார் பக்க ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கால்வாயோரத்து மரமும் உள்நிரை மரமும் ஒரே அளவா பால் தரும்? ஏழு உரங்களைச் சோதித்தால், விளைச்சலில் எவ்வளவு உரத்தால், எவ்வளவு மண்ணால்? ஒவ்வோர் உரத்தையும் வரிசைக்கு ஒருமுறை, பத்திக்கு ஒருமுறை இடு. அந்த விதிக்குள் எது எங்கே என்பதைக் குலுக்கிப்போட்டு எடு. மண்ணின் ஏற்றத்தாழ்வைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். சோதனை வடிவமைப்பு பற்றி 1935இல் அவர் எழுதிய நூலின் மேலுறையில் இருந்த சதுரமே ஜன்னலுக்குப் போனது.

இத்தனை நேர்மையாக மண்ணைக் கழித்தவர் மனிதர்கள் விஷயத்தில் கழிக்கவில்லை. மாணவராக இருந்தபோதே கேம்பிரிட்ஜில் இனமேம்பாட்டு (யூஜெனிக்ஸ்) சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். மனித இனங்கள் குறித்த யுனெஸ்கோ அறிக்கைக்கு அவர் தெரிவித்த மறுப்பு 1952இல் அச்சானது: அறிவுத்திறனிலும் உணர்விலும் இனங்கள் பிறவியிலேயே வேறுபடுகின்றன என்பது அவர் கட்சி. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளியும் பாலும் கிடைத்ததா என்ற கேள்வி அதில் எங்கே? இந்தியப் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவின் முனைவர் ஆய்வை வழிநடத்தியவரும், மகலனோபிஸின் கொல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துக்குத் துணைநின்றவரும் இதே ஃபிஷர்தான் என்பதால் எனக்கு வருத்தம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

2020 ஜூனில், நிறவெறிக்கு எதிரான போராட்டங்கள் உலகெங்கும் நடந்தபோது, மாணவர்களின் கோரிக்கையை ஏற்று ஜன்னலை அகற்றக் கல்லூரி முடிவெடுத்தது. எட்வர்ட்ஸ் அதை எதிர்த்தார். அதே கூடத்தில் தருக்கவியலாளர் வென்னின் மூன்று வட்டங்களுக்கும் கிரிக்கின் டி.என்.ஏ இரட்டைச் சுருளுக்கும் உரிய ஜன்னல்களை யாரும் தொடவில்லை.

அகற்றியது சரி என்பேன். எல்லோரும் சேர்ந்து உண்ணும் இடம் மரியாதைக்குரிய இடம். ஆனால் சதுரத்தைப் பாடத்திலிருந்து எடுக்கக் கூடாது. அதை நடத்தும் ஆசிரியர் 1952ஐயும் அதே வகுப்பில் சொல்லட்டும்.