பூணும் அணியும் பின்னும் கையும்

திருவாரூர் வட்டாரத்து உழைக்கும் குடும்பங்களில் பெண்ணின் நகை அழகுக்காக மட்டும் இருப்பதன்று. நடவும் களையெடுப்பும் ஓய்ந்து, அறுவடைக்கு நாள் இருக்கும் மாதங்களில் அது அடகுக் கடைக்குப் போகும். தை பிறந்து நெல் வீடு வந்தால் திரும்பும். காவிரி பொய்த்த ஆண்டில் மூழ்கிப்போவதும் உண்டு. அணியும் நகை இவ்வாறு கைவிட்டுப் போகக்கூடியது. அணியைச் செய்யத் தெரிந்த கையை எவரும் அடகு பிடிக்க முடியாது. இவ்வுண்மையைத் தமிழகத்தின் தென்கோடி வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. அவ்வரசில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் பொன் அணியலாகாது. மேலாடையால் மார்பை மூடலாகாது. புலையர் குலப் பெண்களின் கழுத்தில் கிடந்த கல்மாலை அழகுக்கு அணிந்ததன்று, தாழ்த்தப்பட்டதன் அடையாளம். 1915-இல் அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுக் கொல்லத்தில் கூடிய பெண்கள் அதை அறுத்தெறிந்தனர்.

அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வேறொரு விடுதலை ஓசையின்றித் தொடங்கியிருந்தது. 1819-இல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா, விடுதிப் பள்ளிச் சிறுமியருக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். லேஸ் என்று நாம் சொல்வதற்குப் போர்ச்சுகீசியர் தந்த பழைய பெயர் ரேந்தை. திண்டின்மேல் மாதிரித் தாளை விரித்து, ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி முறுக்கினால் பூவும் கொடியும் எழும். முதலீடு நூலும் பொறுமையுமே. அச்சிறுமியருள் அடிமைகளாயிருந்தோர், ரேந்தை விற்ற காசைச் சேர்த்து, உடையவருக்கு விலை கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டனர். மீட்பு என்னும் சொல்லை நாம் மறைக்கல்வியில் கற்கிறோம். அவர்கள் அதைத் தம் விரல் நுனியில் கற்றார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். நாடார் பெண்கள் மார்பை மறைக்க அரசாணை இசைந்தது 1859-இல்.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இவ்வரலாறு தொடர்ந்தது. 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர், அங்கிருந்த அநாதைச் சிறுமியரின் பொறுப்பை ஏற்றார். மரியாவின் மாசற்ற இதய மறைபரப்புச் சகோதரிகள் சபையின் தொட்டில் அவ்வூரே. ரேந்தைக்குப் பேர்போன நாட்டுச் சகோதரியரின் பராமரிப்பில் முளகுமூடும் ரேந்தையால் பெயர் பெற்றது.

ஆனால் கைத்தொழில் தானாகவே விடுதலை தந்துவிடுமா? நம் காவிரிப் படுகையைப் போன்றே நெல் விளையும் கோதாவரிப் படுகையில் நரசாப்பூர் உள்ளது. அங்கும் மறைப்பணியாளர் வழியாகவே லேஸ் பின்னும் தொழில் வந்தது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் அதைப் பற்றி எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. வீட்டுக்குள் அமர்ந்து பின்னிய பெண்கள் சொற்பக் கூலி பெற, ஏற்றுமதியாளர்கள் செல்வந்தரானதை அவர் எடுத்துரைத்தார். வீட்டுப் பெண் ஓய்வில் செய்யும் வேலை என்று பெயரிட்டதாலேயே அவ்வுழைப்பின் விலை குறைக்கப்பட்டது என்பது அவர் கண்ட உண்மை.

நாகர்கோவிலுக்கும் நரசாப்பூருக்கும் நூலில் வேறுபாடு இல்லை; விலை யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதிலேயே வேறுபாடு. உழைப்பவர் ஒப்புக்கொண்டார் என்பதனாலேயே கூலி நீதியானதாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் கற்பித்ததும் இதையே.

இன்று நம் பங்குகளிலும் கைம்பெண்களும், கணவரால் கைவிடப்பட்டோரும் மணி கோக்கிறார்கள், மாலை கட்டுகிறார்கள். திருவிழாக் கடையில் அவற்றை எடுத்துப் பார்த்து நாம் பேரம் பேசுகிறோம். யோப்பாவில் தபித்தா இறந்தபோது கைம்பெண்கள் அவர் செய்துகொடுத்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள். செய்த பொருளில் செய்தவரைக் கண்ட கண்கள் அவை. அக்கண்கள் நமக்கு இருந்தால், சொன்ன விலையைக் கொடுப்பது தர்மமன்று, நீதி என்பது விளங்கும்.