இரவை நோக்கி நகர்ந்த ஊசி: நீண்டநேர இன்சுலினின் நேரத் திருத்த வரலாறும் மஹய்யாவச் சூழலும்

கண்டி நகரின் மஹய்யாவயில் சீனி வருத்தக்காரர் ஒருவரின் கிளினிக் கொப்பியை விரித்தால், இன்சுலினுக்கு நேரே காலைக்கு ஓர் எண்ணும் மாலைக்கு ஓர் எண்ணும் எழுதியிருக்கும். அடுத்த கிளினிக்கில் அந்த எண்கள் கூடும் அல்லது குறையும். ஊசி எப்போது ஏற வேண்டும் என்ற விடயம் "சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்" என்ற ஒரே வரியோடு நின்று, பெரும்பாலும் தொடப்படாமலே கிடக்கும். ஆனால் நித்திரையில் சீனி இறங்குவதைத் தடுக்கக் கடந்த நூறு ஆண்டுகளில் நடந்த முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தால், அளவுக்கு இணையாக நேரமும் திருத்தப்பட்டு வந்திருப்பது தெரிகிறது. இலங்கை அரச கிளினிக்குகளில் பரவலாகக் கொடுக்கப்படும் கலவை இன்சுலின், அந்தத் திருத்தங்களுள் மிகப் பயனுள்ள ஒன்றைக் கைக்கெட்டாமல் செய்துவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நள்ளிரவு ஊசியிலிருந்து விடுதலை

1922 ஜனவரி 11 அன்று ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனர்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஏற்றப்பட்டது. பன்ரிங், பெஸ்ட், மக்லியொட், கொலிப் ஆகியோரின் அந்த மருந்து உயிர் காத்தது. ஆனால் ஒரு சில மணித்தியாலங்களுக்கு மேல் நிற்கவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் ஊசி தேவைப்பட்டது. நோய் கடுமையாக இருந்தவர்களை நள்ளிரவிலும் எழுப்பிப் போட வேண்டியிருந்தது. ஆகவே மருந்தை மெதுவாகக் கரைய வைக்கும் தேடலின் தொடக்கத்தில் இருந்தது இரவைப் பற்றிய பயமன்று, இரவு நித்திரையைப் பற்றிய ஆசை.

டென்மார்க்கில் ஹகடோர்னும் அவருடைய குழுவினரும் ட்ரவுட் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலினைச் சேர்த்து, 1936 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ரொறன்ரோவில் ஸ்கொட், பிஷர் இருவரும் அதனுடன் துத்தநாகத்தையும் சேர்த்தார்கள். புரோட்டமின் துத்தநாக இன்சுலின் ஒரு நாளைத் தாண்டியும் வேலை செய்தது. காலையில் ஒரே ஊசி, அவ்வளவுதான்.

இன்று நாம் அறிந்த இரவுப் பிரச்சினை இங்கேதான் பிறந்தது. காலையில் போட்ட மருந்து அன்றிரவும் மறுநாள் விடியற்புறமும் தன் வேலையை விடவில்லை; சாப்பாடோ முன்னிரவோடு முடிந்துவிட்டது. சாதாரண இன்சுலினால் சீனி இறங்கும்போது நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று உடம்பு சட்டென்று சத்தம் போடும். இந்தப் புதிய மருந்தால் சீனி மெல்ல மெல்ல இறங்கியது. விடியும்போது தலையிடி, குழப்பம், எழுப்பினாலும் எழாத நித்திரை. இதற்கு அன்றைய மருத்துவர்கள் கண்ட வழி படுக்கப் போகுமுன் ஒரு சிற்றுண்டி. நேரத்தைத் திருத்தாமல் மருந்தின் பிழையைச் சாப்பாட்டால் மூடும் இந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை. படுக்குமுன் இரண்டு பிஸ்கட் சாப்பிடச் சொல்லும் அறிவுரைக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது.

சிறுநீர் காட்டாத இரவு

1946 இல் நோர்டிஸ்க் ஆய்வுகூடத்தில் கிரையன்பூலும் ரோசன்பெர்க்கும் உருவாக்கிய என்பிஎச் இன்சுலின் 1950 களில் உலகெங்கும் பரவியது. புரோட்டமினும் இன்சுலினும் ஒன்றுக்கொன்று மிச்சமில்லாத விகிதத்தில் அதில் சேர்ந்திருந்ததால், சாதாரண இன்சுலினோடு ஒரே சிறிஞ்சில் கலந்தாலும் இரண்டும் தத்தம் இயல்பைக் காத்தன. கலவை இன்சுலின் என்ற எண்ணத்துக்கு வேதியியல் அடித்தளம் இதுவே. 1950 களின் தொடக்கத்தில் ஹலாஸ் மொல்லர் கொண்டுவந்த லென்ரே வகைகள் புரோட்டமின் இல்லாமல் துத்தநாகத்தை மட்டும் வைத்து அதே காரியத்தைச் செய்தன. அவற்றின் கதை நமக்கு இங்கே தேவையில்லை.

தேவைப்படுவது இன்னொன்று. அந்தக் காலத்தில் நோயாளியின் கையில் இருந்த ஒரே சோதனை சிறுநீர்ச் சோதனை. குருதியில் சீனி ஓர் எல்லையைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் வரும். எவ்வளவு இறங்கினாலும் சிறுநீர் "இல்லை" என்று மட்டுமே சொல்லும். நல்ல கட்டுப்பாட்டில் இருப்பவரும் உயிராபத்தில் இருப்பவரும் அந்தக் குழாயில் ஒரே நிறமாகத் தெரிந்தார்கள். இரவுத் தாழ்சீனி இத்தனை ஆண்டுகள் மறைந்து கிடந்ததற்கு மருந்தைவிட இந்தக் குருட்டுத்தனமே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென் லூயிஸ் நகரில் பணிபுரிந்த மைக்கல் சொமொஜி 1930 களின் இறுதியிலிருந்து வேறொரு கருத்தை வலியுறுத்தினார். மாலை இன்சுலின் மிகையானால் இரவில் சீனி இறங்கும், அதை எதிர்த்து உடம்பு சுரக்கும் ஹோர்மோன்களால் காலையில் சீனி ஏறும், ஆகவே காலைச் சீனி கூடினால் மருந்தைக் குறைக்க வேண்டும் என்றார். அழகான தர்க்கம், இரண்டு தலைமுறை மருத்துவர்கள் இதைப் பாடமாகப் படித்தார்கள். 1980 களில் இரவு முழுவதும் குருதி எடுத்துப் பார்த்தபோது, காலைச் சீனி கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு எனத் தெரிந்தது. மாலையில் போட்ட மருந்து விடியுமுன் தீர்ந்துபோகிறது; அதே வேளையில் வளர்ச்சி ஹோர்மோனின் விளைவால் இன்சுலின் தேவை கூடுகிறது. 1981 இல் இதற்கு விடியல் நிகழ்வு என்று பெயர் கிடைத்தது. நள்ளிரவு முதல் மூன்று மணி வரை உடம்புக்கு இன்சுலின் தேவை மிகக் குறைவு, ஐந்து மணிக்குப் பின் கூடுதல். மாலை என்பிஎச் இந்த ஒழுங்குக்கு நேர் எதிராக நடக்கிறது: தேவையில்லாத நேரத்தில் உச்சம், தேவைப்படும் நேரத்தில் வற்றல்.

இராச்சாப்பாட்டிலிருந்து படுக்கைக்கு

1993 இல் வெளிவந்த அமெரிக்க, கனேடியப் பெருஆய்வு, 1441 முதல்வகை நோயாளிகளைப் பின்தொடர்ந்து, இறுக்கமான கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் என நிறுவியது. அதற்குக் கொடுத்த விலை, கடுந்தாழ்சீனி மூன்று மடங்கானது. அந்த ஆய்வில் பதிவான கடும் நிகழ்வுகளில் பாதிக்கு மேல் நித்திரையில் நடந்தவை. 1991 இல் பிரித்தானியாவில் ரற்றர்சோலும் கில்லும், முன்னிரவில் நலமாகப் படுத்து விடியலில் இறந்துகிடந்த இளம் நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆழ்நித்திரையில் அட்ரினலின் போதுமான அளவு சுரப்பதில்லை என்பதை 1998 இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நித்திரையில் இருப்பவரை எழுப்ப வேண்டிய மணியே அப்போது அடிப்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் இத்தாலியின் பெருஜியா நகரில் ஃபனெல்லி, பொல்லி குழுவினர் மிக எளிய ஒன்றைச் சோதித்தார்கள். 22 முதல்வகை நோயாளிகள். சாதாரண இன்சுலின் இராச்சாப்பாட்டோடு. என்பிஎச் நான்கு மாதம் இராச்சாப்பாட்டு நேரத்தில், நான்கு மாதம் படுக்கும் நேரத்தில். 2002 இல் வெளியான முடிவின்படி, படுக்கும் நேரத்துக்கு நகர்த்தியபோது இரவுத் தாழ்சீனியும் குறைந்தது, மூன்று மாதச் சராசரிச் சீனியும் மேம்பட்டது. புதிய மருந்தில்லை, மேலதிகச் செலவில்லை, ஓர் ஊசி மட்டுமே கூடுதல். 1992 இலேயே பின்லாந்தின் யிகி யார்வினென், இரண்டாம்வகை நோயாளிகளிலும் மாலை என்பிஎச்சின் பயனை ஆராய்ந்திருந்தார்.

மஹய்யாவயில் ஏன் நகரவில்லை

கட்டுகஸ்தோட்டை வீதியை ஒட்டிய இந்த மேட்டுப்பகுதியில் கண்டி மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர்களாக வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. முஸ்லிம் குடும்பங்களும் கணிசம். 2005-06 இல் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையின் நகரப்புற வளர்ந்தோரில் 16.4 சதவீதத்தினருக்கும் கிராமப்புறத்தில் 8.7 சதவீதத்தினருக்கும் நீரிழிவு காணப்பட்டது. மஹய்யாவ நகரப்புறம்தான், ஆனால் இங்குள்ள பலரின் வேலை நாற்காலி வேலை அன்று.

இங்கே ஒருவர் மாலை ஏழு மணிக்குக் கலவை இன்சுலின் போடுகிறார் என்று எடுத்துக்கொள்வோம். அதில் 30 பங்கு சாதாரண இன்சுலின், 70 பங்கு என்பிஎச். என்பிஎச்சின் உச்சம் ஏறக்குறைய நான்கு முதல் பத்து மணித்தியாலங்களுக்குள். அதாவது இரவு பதினொன்றுக்கும் விடியற்காலை ஐந்துக்கும் இடையில். விடியற்காலையிலேயே தும்புத்தடியோடு மேடு ஏறி இறங்கிய உடம்பு, அன்றிரவும் தசைகளுக்குள் சீனியை இழுத்துக்கொண்டிருக்கும். பெரஹெரா நாட்களில் வேலையும் சாப்பாடும் நேரம் தவறும்போது நிலைமை இன்னும் சிக்கல். காலையில் வியர்வையில் நனைந்த தலையணையும் தலையிடியும் வேலைக் களைப்பின் கணக்கில் போய்விடும். வீட்டில் யாராவது விழித்துவிட்டால் சீனி கூடப் போட்ட தேத்தண்ணி கைகொடுக்கும்.

ஊசியைப் பத்தரைக்கு நகர்த்தலாமே என்றால், கலவையில் முடியாது. அதன் 30 பங்கு வேகமான மருந்துக்குச் சாப்பாடு வேண்டும்; சாப்பாடில்லாமல் படுக்கும்போது போட்டால் இறங்கும் சீனி முன்னிரவிலேயே இறங்கும். இரண்டு மருந்துகளை ஒரே குப்பியில் அடைத்தபோது, அவற்றின் இரண்டு நேரங்களும் ஒன்றாக அடைபட்டுவிட்டன. பெருஜியா ஆய்வு பிரித்துக் காட்டியதைக் கலவை மறுபடியும் இராச்சாப்பாட்டோடு கட்டிவைத்திருக்கிறது.

கலவையைக் குறை சொல்வது எளிது. அது ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, பேராதனை மருத்துவ பீடத்திலும் பணியாற்றிய சேனக பிபிலே அதன் முதல் தலைவரானார். குறைந்த வகை, குறைந்த விலை, எல்லாருக்கும் மருந்து என்ற அந்தக் கொள்கைவழி இல்லாதிருந்தால் மஹய்யாவயின் பல வீடுகளுக்கு இன்சுலினே வந்திருக்காது. நெரிசலான கிளினிக்கில் கண்பார்வை மங்கிய ஒருவருக்கு இரண்டு குப்பிகளைப் பிரித்து அளக்கக் கற்பிப்பதைவிட ஒரே குப்பி பாதுகாப்பானது என்ற வாதத்திலும் நியாயமுண்டு.

இன்னொரு சிறு விடயம் இங்கே பெரிதாகிறது. என்பிஎச்சும் கலவையும் கலங்கல் மருந்துகள். அசையாமல் வைத்தால் வெண்மையான படிவு அடியில் தங்கும். குப்பியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பத்துத் தடவைக்கு மேல் மெதுவாக உருட்டி, ஒரே சீரான பால் நிறம் வந்தபின் இழுக்க வேண்டும். 1999 இல் லான்செற் இதழில் வெளிவந்த ஆய்வில், பேனா பயன்படுத்திய 109 நோயாளிகளில் 10 பேர் மட்டுமே அப்படிச் செய்தார்கள். மருந்துக் குழாய்களுக்குள் இருந்த என்பிஎச்சின் செறிவு, இருக்க வேண்டியதில் 5 சதவீதம் முதல் 214 சதவீதம் வரை வேறுபட்டது. ஒரே அளவு போட்டும் ஒரு நாள் இறங்கி மறுநாள் ஏறும் புதிருக்கு, நேரத்தை ஆராயுமுன் உள்ளங்கையைப் பார்ப்பது நல்லது.

உச்சமற்ற மருந்துகள்

2000 இல் வந்த கிளார்ஜின், உச்சம் குறைந்த, நாள் முழுவதும் நிற்கும் இன்சுலின். அதிலும் நேரம் பொருட்படுத்தத்தக்கதாகவே இருந்தது. 378 முதல்வகை நோயாளிகளில் நடந்த 2003 ஆம் ஆண்டு ஆய்வில், காலையில் போட்டவர்களில் 59.5 சதவீதத்தினருக்கும், இராச்சாப்பாட்டில் போட்டவர்களில் 71.9 சதவீதத்தினருக்கும், படுக்கும்போது போட்டவர்களில் 77.5 சதவீதத்தினருக்கும் இரவுத் தாழ்சீனி வந்தது. என்பிஎச்சைப் படுக்கை நோக்கி நகர்த்திய அதே தர்க்கம் கிளார்ஜினைக் காலை நோக்கி நகர்த்தியது. ஊசி நேரத்துக்குப் பொது விதி கிடையாது. மருந்தின் வடிவத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். பின்னர் வந்த டெக்லுடெக் 42 மணித்தியாலத்தையும் தாண்டி நிற்பதால் நேரம் தவறுவதைத் தாங்கும். 2024 இல் ஐரோப்பா அனுமதித்த ஐகோடெக் வாரம் ஒருமுறை; ஆனால் முதல்வகையில் அது தாழ்சீனியைக் கூட்டியது.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் கிளார்ஜின், டெக்லுடெக் போன்ற நீண்டநேர மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்வது வேறு, மருந்தகத்தில் இருப்பது வேறு. 2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்த நாட்கள் கண்டிக்காரருக்கு நினைவிருக்கும்.

நோன்பு மாதம்

ஊசி நேரத்தை வெளிப்படையாகப் பேசும் ஒரே பருவம் ரமழான். 13 நாடுகளில் 12,243 பேரிடம் நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வு, நோன்பு மாதத்தில் கடுந்தாழ்சீனி முதல்வகையில் 4.7 மடங்கும் இரண்டாம்வகையில் 7.5 மடங்கும் கூடியதைக் காட்டியது. அதன்பின் உருவான சர்வதேச வழிகாட்டலின் சாரம்: கலவையை இருவேளை போடுபவர் வழமையான காலை அளவை நோன்பு திறக்கும்போதும், மாலை அளவை 25 முதல் 50 சதவீதம் குறைத்து சஹரிலும் போட வேண்டும். என்பிஎச்சையோ கிளார்ஜினையோ ஒருவேளை போடுபவர் 15 முதல் 30 சதவீதம் குறைத்து நோன்பு திறக்கும்போது போட வேண்டும். ஐரோப்பாவில் நோன்பின் நீளம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறும். நிலநடுக்கோட்டருகே உள்ள கண்டியில் ஆண்டெல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். ஓராண்டு கண்டறிந்த நேரமும் அளவும், நோயின் நிலை மாறாதவரை, அடுத்த ஆண்டுக்கு நல்ல தொடக்கப்புள்ளியாகும். சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் வந்தால் நோன்பை முறிக்க வேண்டும் என்பதில் வழிகாட்டல் தெளிவாக இருக்கிறது.

மற்றப் பதினொரு மாதங்களுக்கும் வழி இல்லாமலில்லை. காலையில் கலவை, இராச்சாப்பாட்டுக்கு முன் சாதாரண இன்சுலின், படுக்கும்போது என்பிஎச் என்ற மூன்று ஊசி முறை மருத்துவ நூல்களில் பழையது. மூன்றும் புதிய மருந்துகளல்ல, விலையுயர்ந்தவையும் அல்ல. இதை எல்லாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. விடியலில் தலையிடியோடு எழுபவர், உடலுழைப்பாளி, ஏற்கெனவே ஒருமுறை நித்திரையில் சீனி இறங்கியவர் ஆகியோருக்குக் கிளினிக் மருத்துவரே அளவைப் பிரித்துத் தர வேண்டும், தானாக மாற்றுவது ஆபத்து. யாருக்குத் தேவை என்று பிரித்தறிய விடியற்காலை மூன்று மணிச் சீனி அளவு ஓரிரு நாளாவது வேண்டும். சோதனைக் கீற்றுகளைப் பெரும்பாலானோர் வெளியே காசு கொடுத்தே வாங்குகிறார்கள். கிளினிக்கில் இலவசமாக எடுக்கும் சோதனையோ காலை வெறுவயிற்றுச் சீனி. மூன்று மணிக்கு நடந்தது அதில் தெரியாது.